ஏலத்தில் விற்ற புடவையை அனுப்பும் முன்

எல்லாருக்கும் வணக்கம். போன ஏலத்தில் விற்ற ஒரு பட்டுப்புடவை, மடிப்பெல்லாம் செய்தித்தாள் மையோடு போய்ச் சேர்ந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மழைக்காலம் வேறு, அதனால் சொல்கிறேன்.

முதல் சுற்று வெள்ளைப் பருத்தித் துணி. பழைய வேட்டித் துண்டு போதும். ஜரிகை உள்பக்கம் இருக்கட்டும். பூச்சி உருண்டை வேண்டாம், ஜரிகை கறுத்துவிடும். அப்புறம் பாலித்தீன் உறை, காற்றை அமுக்கி வெளியேற்றி டேப் ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் மட்டும் கூடவே கூடாது, ஒரு இழை மாட்டினால் போச்சு. கத்திரிக்கோலால் அவசரமாகப் பிரிப்பவர்களும் உண்டு. மேலே ஒரு அட்டைத் துண்டு வையுங்கள்.

பெரிய பெட்டி எதற்கு? பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000 ஆல் வகுத்து எடை போடுகிறார்கள். 40×30×15 பெட்டி என்றால் 3.6 கிலோ. உள்ளே இருப்பதோ முக்கால் கிலோ புடவை! கூரியர் கவரே போதும்.

முகவரிச் சீட்டு ஒன்று உள்ளேயும் இருக்கட்டும். ஒட்டும் முன் போட்டோ எடுத்து வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள்.