அழித்துவிடாதே, பாப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ பேசியதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம். கேமராவை விற்றுவிட்டு ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போகிறேன் என்றாய். உப்பளப் படங்களை மொத்தமாக அழித்துவிடப் போவதாகவும் சொன்னாய். கேமரா நீ சம்பாதித்து வாங்கியது, அதில் நான் தலையிட மாட்டேன். படங்களை மட்டும் அழிக்காதே.

நீ அனுப்பியதை எல்லாம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். மகள் எடுத்தது என்கிற பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தொழில்காரனாகச் சொல்கிறேன். முதலில் குறை. உப்பு சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் 18 சதவீதச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். சுற்றிலும் உப்பாகக் கிடந்தால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று தானாகக் குறைத்துவிடும். நீயே வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, இல்லை ஒன்றரை ஸ்டாப் கூட்டியிருந்தால் உப்பும் வெளுத்திருக்கும், முக்காட்டு நிழலில் அமுங்கிப்போன முகங்களும் மேலே வந்திருக்கும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைல் உன்னிடம் இருக்கும் அல்லவா, இப்போதும் சரிசெய்யலாம். "என் படத்தில் உயிரே இல்லைப்பா" என்று அழுதாயே, அதில் பாதி இந்த ஒன்றரை ஸ்டாப்தான். அதைக் கொண்டுபோய் உன் திறமையின் மேல் ஏற்றாதே.

மீதிப் பாதிக்கு வருகிறேன். தலையில் துணி கட்டிய அந்த வயதான அம்மா வரப்பில் நின்று வானத்தைப் பார்க்கிறார்களே, அந்தப் படம். பின்னால் உப்புக் குவியல், அதற்கும் பின்னால் கறுத்துக்கொண்டு வருகிற மேகம். மழை விழுந்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும். அக்டோபரில் பிடித்துக்கொண்டால் அந்த வருஷத்துக்கு வேலை அவ்வளவுதான். அதெல்லாம் அந்த முகத்தில் இருக்கிறது, நீ கீழே ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. கேமராவைப் பார்க்கச் சொல்லவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. அவர்கள் உன்னை மறந்துபோகிற வரைக்கும் அங்கே வெயிலில் நின்றிருக்கிறாய். ஸ்டூடியோவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து எடுத்தே பழகிய எனக்கு அந்தப் பொறுமை எவ்வளவு பெரிது என்று தெரியும்.

உப்பளத்தை எல்லாரும் எடுத்து முடித்துவிட்டார்கள் என்கிறாய். எடுத்திருப்பார்கள், தூத்துக்குடிக்கு வருகிற யாருக்கும் அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்தால் கை கேமராவுக்குத்தான் போகும். ஆனால் உன் ஆச்சி முத்தையாபுரம் பக்கம் அளத்தில் பாத்தி மிதித்தவர்கள். ஆச்சிக்கு நம்மிடம் இருப்பது ஒரே படம். பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்தது, பாதம்கூடத் தெரியாது. அளத்தில் நின்ற ஆச்சியின் படம் நம் வீட்டில் இல்லை, யார் வீட்டிலும் இல்லை. வேலை செய்கிற இடத்தில் அவர்களை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. நீ எடுத்துவந்திருக்கிற முகங்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மதுரைக்காரர், புகைப்படக்காரர் பழனிக்குமாரை உனக்குத் தெரியும். இன்ஜினியரிங் படித்தவர். சாக்கடையில் இறங்கி வேலை செய்கிறவர்களையும், அதில் இறந்துபோனவர்களின் குடும்பங்களையும் ஊர் ஊராகப் போய் எடுத்தவர். அவருடைய அம்மா மீன் விற்றவர், அவரையும் எடுத்திருக்கிறார். மீன் விற்கிற பெண்களை அதற்கு முன்னால் யாருமே எடுக்கவில்லையா என்ன? அந்த அம்மாவை அவர் பார்த்த மாதிரி இன்னொருவர் பார்த்திருக்க முடியாது. நீயும் ஆச்சியின் ஊருக்குத்தான் போயிருக்கிறாய்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஒரு படம் நல்லதா இல்லையா என்பதை எடுத்தவனால் எடுத்த அன்றைக்குச் சொல்ல முடியாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, கடையில் உட்கார்ந்து பார்த்தது. யாஷிகா கேமராவில் 120 பிலிம் ரோல் போட்டால் 12 படம்தான். அதனால் பாஸ்போர்ட் சைஸுக்கு ஒருவருக்கு ஒரு ஸ்னாப், அவ்வளவுதான். தலை நேராக இருக்கிறதா, கண் மூடவில்லையா என்று பார்த்து அனுப்பிவிடுவோம். ஊட்டியில் தயாரான ‘இந்து’ போட்டோ பேப்பரில் பிரிண்ட் போட்டு, நெகட்டிவைக் கவரில் போட்டு நம்பர் எழுதி அலமாரியில் அடுக்கிவிடுவேன். அதில் கலை இருப்பதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பல வருஷம் கழித்து யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா தவறிவிட்டார், வீட்டில் வேறு படமே இல்லை, லோனுக்காக இங்கே ஒரு போட்டோ எடுத்தாராம், நெகட்டிவ் இருக்குமா என்று கேட்பார்கள். தேடி எடுத்து, பெரிதாக்கி, டிரேயில் அந்த முகம் மெல்ல எழும்பி வரும்போது பக்கத்தில் நிற்கிற மகன் சுவரைப் பிடித்துக்கொள்வான். அவசரத்தில் எடுத்த படம். அந்தக் குடும்பத்துக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய படம் கிடையாது. நான் அந்த நெகட்டிவை அன்றைக்கே தூக்கிப் போட்டிருந்தால்?

புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் நம்முடைய மாதிரிப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், வீணாகிக்கொண்டிருந்த படங்களை எல்லாம் டிஜிட்டலில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றைக்கு உட்கார்ந்து படிக்கிறார்கள். அதை எடுத்தவர்களுக்கு அன்றைக்கு அது வயிற்றுப்பாடு.

உனக்கு வந்திருக்கிற அலுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்களுக்கு எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவில் நாள் கணக்கில் இடைவெளி இருந்தது. நீ ஒவ்வொரு கிளிக்குக்கும் குனிந்து பின்னால் திரையைப் பார்க்கிறாய், அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறாய். ராத்திரி போனில் மற்றவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு அதே தீர்ப்பை இன்னொரு தடவை எழுதுகிறாய். எந்த மனசு தாங்கும்? காலேஜில் படிக்கும்போது நீதானே சொன்னாய், அமெரிக்காவில் கேரி வினோகிராண்ட் என்று ஒருவர், எடுத்த சூட்டோடு பார்த்தால் மனசு ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று பிலிமை ரொம்ப நாள் கழுவாமலே வைத்திருப்பார் என்று. 1984இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் கழுவாமல் கிடந்தனவாம். அந்த அளவுக்குப் போக வேண்டாம். எடுத்ததும் திரையில் படம் காட்டுகிற செட்டிங்கை அணைத்துவிடு. உப்பளத்துக்குப் போய்வந்தால் ஒரு மாசத்துக்கு அந்த ஃபோல்டரைத் திறக்காதே.

உதவித்தொகை கிடைக்காததைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அவர்கள் சில படங்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் வேறு படங்களை அனுப்பு.

லாரியில் உப்பு ஏற்றுகிற நேரத்தில் மெமரி கார்டு நிறைந்துபோய் முக்கியமான படம் போய்விட்டது என்று சொன்னாய். ஹோமாய் வியாரவாலாவை நினைத்துக்கொள். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் பிரார்த்தனைக்குக் கிளம்பியவரை, நாளைக்குச் சேர்ந்து போகலாம் என்று கணவர் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். அந்த வருத்தம் அவருக்குப் போகவே இல்லை. ஆனாலும் 1970 வரை கேமராவைத் தூக்கிக்கொண்டு டெல்லியில் அலைந்தார். அவருக்குப் பத்மவிபூஷண் கிடைத்தது 2011இல், 97 வயதில்.

அப்புறம், கல்யாண வேலை. அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு கூச்சம் இருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் முன்னால் எழுந்து நிற்க, லென்ஸுக்கு நேராக அட்சதை பறக்க, அந்தச் சில நொடிக்குள் மூன்று முடிச்சையும் பெண்ணின் முகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறாயே, அந்தக் கைதான் உப்பளத்திலும் வேலை செய்திருக்கிறது. முகூர்த்த மாசங்களில் சம்பாதி, மற்ற மாசங்களில் உன் வேலையைப் பார். அப்படித்தான் நம் வீடு ஓடியது, உன் படிப்பும் அதில்தான் நடந்தது.

இப்போதைக்கு ஒரு காரியம் செய். உப்பளப் படங்களில் உனக்குப் பிடித்தது, பிடிக்காதது இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மேட் பேப்பரில் 8க்கு 12 பிரிண்ட் போடு. தரையில் பரப்பி நாள்தோறும் போகும்போது வரும்போது பார். எது எதோடு சேர்கிறது என்று தானாகத் தெரியும், திரையில் அது தெரியாது. வானம் பார்க்கிற அந்த அம்மாவின் படத்தில் மட்டும் கூடுதலாக ஒரு பிரதி போட்டு வை. தை பிறந்து பாத்தி வேலை தொடங்கும்போது நாம் இரண்டு பேருமே போய் அவர்கள் கையில் கொடுப்போம், ஆச்சி வேலை பார்த்த அளம் எது என்றும் விசாரிப்போம். அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

பிரிண்ட் செலவுக்கு உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். வாடகைக்கு எடுத்துவிடாதே, அதற்குத் தனியாகக் கேள்.

அன்புடன்,
அப்பா