பரிந்துரைக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: நெல்லைச் சீமைக் கல்லூரிகளின் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். திருநெல்வேலி, தென்காசி மாவட்டக் கல்லூரிகளில் பயிற்சி, வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்துவரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்த ஒரு கல்லூரியையும் குறிவைக்கவில்லை. என்னிடம் வருகிற பிள்ளைகள் பல கல்லூரிகளில் படிக்கிறவர்கள். கொண்டுவருகிற கதை ஒன்றுதான். பருவம் தொடங்கியதும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வருகிறது. ஆப் டெவலப்மெண்ட் வீடியோ கோர்ஸ், இந்தத் தேதிக்குள் பணம் கட்டுங்கள், முடித்துச் சான்றிதழைப் பதிவேற்றுங்கள். மீதி உங்களுக்கே தெரியும்.

நான் கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே ஆண்ட்ராய்டு வேலை செய்கிறவள். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சந்தேகம் கேட்க வருவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு கோர்ஸைப் பரிந்துரைக்கும் முன், அதில் வரும் முதல் ஆப்பை உங்கள் லேபில், ஆப் எழுதும் மென்பொருளின் இன்றைக்கு டவுன்லோட் ஆகிற பதிப்பில், ஒரு மாணவரை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால், ஓட்டிய தேதியையும் பதிப்பையும் லிங்க்கோடு சேர்த்துப் போடுங்கள்.

இதை எழுத வைத்தது முக்கூடலிலிருந்து வந்த ஒரு பிள்ளை. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிற கூலியிலிருந்து எடுத்துத்தான் கோர்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். வீடியோவில் ஆசிரியர் சொல்கிறார்: புது ப்ராஜெக்ட் திறங்கள், எம்ட்டி ஆக்டிவிட்டியைத் தேர்ந்தெடுங்கள், ஆக்டிவிட்டி மெயின் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறங்கள். பிள்ளை அப்படியே செய்தாள். அவள் ப்ராஜெக்ட்டில் அந்தக் கோப்பே இல்லை.

காரணம் எளிது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், 2023-இல் வந்த ஃபிளமிங்கோ பதிப்பிலிருந்து எம்ட்டி ஆக்டிவிட்டி என்றால் ஜெட்பேக் கம்போஸ் முறை, அதாவது திரையையும் கோடிலேயே எழுதுவது. திரையைத் தனிக் கோப்பில் எழுதும் பழைய எக்ஸ்எம்எல் முறை வேண்டுமென்றால் எம்ட்டி வியூஸ் ஆக்டிவிட்டி என்று வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடியோ அதற்கு முன்னால் எடுத்தது. எப்போது எடுத்தது என்று அதில் ஓரிடத்திலும் போடவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது அரை நிமிஷச் சமாச்சாரம். முதல் ஆப்பையே இன்னும் பார்த்திராத பிள்ளைக்கு அது தெரிய வழியில்லை. தான் எதையோ தப்பாக நிறுவிவிட்டோம் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறாள். ஸ்டுடியோ மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல். எஸ்டிகே அது இது என்று இன்னும் பல ஜிபி. வீட்டில் வைஃபை கிடையாது. அண்ணன் போனில் நாளுக்கு ஒன்றரை ஜிபி. அதை வைத்து, விட்டுவிட்டு இறக்கியிருக்கிறாள். மறுபடியும் அந்தக் கோப்பு இல்லை.

பிறகு யாரோ ஒரு சீனியர் எக்ஸ்எம்எல் முறையைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். அடுத்த தடை வந்தது. திரையில் இருக்கும் பட்டனைக் கோடில் நேரடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சிந்தெடிக் முறையில் வீடியோ போகிறது; அது ஆப் எழுதும் மொழியான கோட்லினில் இருந்த ஒரு வசதி. அதை 2020-லேயே கைவிடப் போவதாகச் சொல்லி, கோட்லின் 1.8-இல் எடுத்தேவிட்டார்கள். அதையும் தாண்டினால், கோர்ஸில் வரும் நூலகங்கள், அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்தக் கோட், ஜேசென்டர் என்ற இணையக் கிடங்கிலிருந்து வர வேண்டும். ஜேசென்டரை மூடப்போவதாக 2021 பிப்ரவரியிலேயே அறிவித்தாயிற்று. திரை முழுக்கச் சிவப்பு. "எக்கா, நா எங்க தப்பு பண்ணுனேன்னு பாத்துச் சொல்லுதியளா?" என்று கேட்டாள். அவள் பக்கம் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. கூட வந்திருந்த அவள் அம்மா, "ராத்திரி பூரா உக்காந்து படிக்கத்தான செய்யுதா, பொறவு ஏன் ஓட மாட்டேங்கு?" என்றார். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் அந்தக் கேள்வியை உங்களிடம் அனுப்புகிறேன்.

ஆனால் சான்றிதழ் வந்துவிட்டது. வீடியோக்களைக் கடைசிவரை ஓடவிட்டதும் தானாக வந்தது. கல்லூரிக் கணக்கில் அவள் பயிற்சி முடித்தவள். ஒரு ஆப்பும் அவள் கையில் ஓடியதில்லை. இது எனக்கு ஆறவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும்போது நானும் உட்கார்ந்திருக்கிறேன். சான்றிதழைப் பார்த்து யாரையும் எடுத்ததில்லை. செய்த ஆப்பைப் போனில் திறந்து காட்டச் சொல்வோம், இந்த எரர் வந்தால் எங்கே பார்ப்பாய் என்று கேட்போம். தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் எழுதலாம் என்பதை ஸோஹோ பல வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. வேலை இந்த மண்ணுக்கு வருகிறது. வேலைக்குத் தயாராகிற பிள்ளைகளைத்தான் பழைய வீடியோ முன்னால் உட்கார வைக்கிறோம்.

நல்ல பாடம் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலைப் பாருங்கள். பத்து நிமிஷம் போலச் சின்னச் சின்னப் பாடங்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. பாதித் திரையில் வீடியோ, பாதித் திரையில் நம் வேலை என்று கூடவே செய்து படிக்கிற முறை. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும், இதைப் பதிவு செய்ய இன்ன இயங்குதளத்தின் இன்ன பதிப்பைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். பாடம் பழசானாலும் பிள்ளை ஏமாறாது. இலவசப் பாடத்தில் இருக்கிற இந்த நேர்மையைப் பணம் கட்டிப் படிக்கிற பாடத்தில் நாம் ஏன் கேட்கக் கூடாது? கம்போஸ் முறைக்கு கூகுளின் சொந்தப் பயிற்சிப் பாடமே இலவசம். அதன் ஆங்கிலத்தைப் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லித்தர ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். ஒரு கோர்ஸ் நல்லதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது இரண்டு இடங்கள்தான். கோட் முழுவதும், கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது திருத்தியிருக்கிறார்கள் என்பது ஒன்று. ஆசிரியர் எரர் வரும்போது வீடியோவை வெட்டாமல், எரர் விவரம் பதிவாகும் லாக்கேட்டைத் திறந்து படித்துக் காட்டுகிறாரா என்பது இன்னொன்று. எரரைக் காட்டாத கோர்ஸை வாங்க வேண்டாம் என்றே பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

இந்தக் கோர்ஸ் விளம்பரங்களில் ஆயுள் முழுக்கப் பார்க்கலாம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எதை ஆயுள் முழுக்கப் பார்ப்பது? ஆப் எழுதும் கருவிகளில் ஒன்றான ஸமாரினுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஃபிளட்டர் என்ற இன்னொரு கருவியில் பழைய ரெய்ஸ்டு பட்டனையே எடுத்துவிட்டார்கள்; அதன் மொழியின் 2023-இல் வந்த பதிப்பான டார்ட் 3, நல் சேஃப்டி (மதிப்பு இல்லாத இடத்தால் வரும் பிழையைத் தடுக்கும் ஏற்பாடு) இல்லாத கோடை ஏற்பதே இல்லை. ஆப்பை ஏபிகே என்ற பழைய வடிவக் கோப்பாக ப்ளே ஸ்டோரில் போடலாம் என்று சொல்லித் தருகிற பாடங்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. 2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப் என்றால் ஆப் பண்டில் என்ற புது வடிவில்தான் போட முடியும். புதிதாகத் திறக்கிற தனிநபர் கணக்கென்றால் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியிடவே விண்ணப்பிக்கலாம். இதைச் சொல்லாத கோர்ஸை நம்பி 25 டாலர் கட்டிக் கணக்குத் திறந்துவிட்டு முழிக்கிற பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள்.

டெஸ்க்டாப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். டவுன் ரத வீதிக் கடைகளிலும் மேலப்பாளையத்து மருந்துக் கடைகளிலும் போய்ப் பாருங்கள், பில் போடுவது விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான். உள்ளூரிலேயே வேலை கிடைக்கக்கூடிய இடம் அது. அதற்கான தமிழ்ப் பாடம் தேடினால், ஒரு ஃபார்மில் இரண்டு பட்டனை வைத்துக் கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. டேட்டாபேஸை பேக்கப் எடுப்பது, பிரிண்டருக்கு அனுப்புவது, இன்ஸ்டாலர் செய்து கடைக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது எதுவும் வருவதில்லை. கடையில் நிறுவ முடியாத பில்லிங் மென்பொருளை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்?

கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல பிள்ளைகளிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி, எமுலேட்டரும் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் மாதிரி போன்) சேர்ந்தால் 16 ஜிபி என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டச் சொல்லும் செய்தியில் இந்த ஒரு வரி இருந்தால் எத்தனை வீடுகள் யோசித்து முடிவெடுக்கும்! எமுலேட்டருக்குப் பதில் கையில் இருக்கிற போனையே கேபிளில் இணைத்து ஓட்டலாம். செட்டிங்ஸில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தால் போதும். ராம் குறைந்த கம்ப்யூட்டரில் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் பாடமே இதுதான் ஆக வேண்டும்.

பேச்சு எங்கெங்கோ போகிறது, மன்னிக்கவும். ஆனால் இன்னொன்றையும் விட மனம் வரவில்லை. பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த காதுகேளாதோர் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகளும் ஆப் எழுதலாம். கண்ணும் கையும் போதும். திரையின் அடியில் தமிழ் எழுத்து வரி (சப்டைட்டில்) இல்லாத வீடியோவை எல்லோருக்கும் கட்டாயம் என்று அறிவிக்கும்போது, அவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறோம்.

உங்கள் வேலைச்சுமை எனக்குத் தெரியும். பாடமும் நடத்தி, கம்பெனிகளையும் அழைத்து, மேலிடம் கேட்கும் எண்ணிக்கையையும் நிரப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. முதல் ஆப்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். மூன்றாமாண்டுப் பிள்ளை ஒருவருக்கு ஒரு மதியம் போதும். ஓடாவிட்டால் அந்த லிங்க்கை அனுப்பாதீர்கள். ஓடினால், தேதி, பதிப்பு, எத்தனை ஜிபி ராமில் ஓட்டினீர்கள் என்ற விவரத்தை ஒரே வரியில் சேர்த்து அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த பிரிவுக்கு அனுப்பும்போது மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட பிள்ளைகளுக்காக இன்னொரு வேண்டுகோள். பாடம் ஓடவில்லை என்று மாணவி தனியாக எழுதினால் விற்றவர்களிடமிருந்து பதில் வருவதில்லை. முக்கூடல் பிள்ளைக்கும் வரவில்லை. கல்லூரி லெட்டர்பேடில் நீங்கள் ஒரு கடிதம் எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், அல்லது புதிய பதிப்பில் பாடத்தைத் தரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எந்த எரர் வருகிறது, ஏன் வருகிறது என்ற விவரத்தை நான் எழுதித் தருகிறேன். லேபில் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், சனிக்கிழமைகளில் எந்தக் கல்லூரிக்கும் வரத் தயார். அடுத்த பருவத்து லிங்க் குழுவுக்குப் போகும் முன் கூப்பிடுங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் ஆண்ட்ராய்டு டெவலப்பர்