கட்டத்தில் அடங்காத பதில்

அன்புள்ள மாலதி,

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அடுத்த கண்ணையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள்.

நான் மூன்று வாரமாகப் பதில் போடாததற்குக் காரணம் உன் கடிதத்தின் கடைசி வரிகள். "நடங்கள், உப்பைக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று என் நோயாளிகளிடம் நாள் முழுக்கச் சொல்கிறேன். அவர்கள் உடம்பின் மேல் அவர்களுக்கே அக்கறை இல்லை" என்று எழுதியிருந்தாய். போன வருடம் என்றால் நானும் ஆமாம் என்றிருப்பேன். இப்போது முடியவில்லை.

போன மாதம் மக்களின் உடல்நலப் பழக்கங்களைப் பற்றிய எங்கள் ஆய்வுக்காக வீடு வீடாகப் போனோம். அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம், ஓய்வு நேரத்தில் வாரத்துக்கு எத்தனை நிமிடம் உடற்பயிற்சி என்று கேட்டேன். "தினமும் ஆறு மாடி ஏறி இறங்குகிறேனே, அது கணக்கில் வராதா?" என்றார். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. பூஜ்யம் போட்டேன். எழுதும்போதே கை கூசியது.

அப்புறம் இரத்த அழுத்த மாத்திரை. நான்கு மாதமாக நிறுத்திவிட்டாராம். மருந்து இலவசம்தான். ஆனால் அதைக் கொடுக்கிற இடம் திறந்திருக்கும் நேரமும் அவருடைய வேலை நேரமும் ஒன்று. போய் வாங்கினால் அன்றைய கூலி போச்சு. "மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு டிக்கில் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்துவிட்டது, மாலதி.

அன்று இரவு நாம் சேர்ந்து படித்த பழைய ஆய்வுகளை மறுபடி எடுத்தேன். லண்டன் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953-ல் காட்டினார் அல்லவா? 'எல்லோரும் நடங்கள்' என்று சொல்ல நாம் அதைத்தான் எடுத்துக்காட்டுவோம். ஆனால் அந்த நடத்துநர்கள் உடம்பைப் பேணவா படியேறினார்கள்? வேலை ஏற வைத்தது. (பிறகு சீருடை அளவுகளைப் பார்த்ததில், ஓட்டுநர்களுக்கு வேலையில் சேரும்போதே இடுப்பளவு கூடுதலாக இருந்தது தெரிந்தது. தன் முடிவையே சந்தேகித்து அதைத் தேடிப் பார்த்தாரே, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.)

ஒயிட்ஹால் ஆய்வை இப்போது படித்தால் இன்னும் கனக்கிறது. 1967-ல் தொடங்கியது. எல்லோரும் பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள், நிலையான வேலை, இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புகைப் பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. பழக்கங்கள் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. புகை கொல்லும், சரி. ஆனால் பழக்கத்தை மட்டும் கேட்கிற படிவம் பாதி மனிதரைத்தான் பார்க்கிறது.

ஜூலியன் டியூடர் ஹார்ட்டை நினைவிருக்கிறதா? நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதிய வேல்ஸ் மருத்துவர். சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கிராமத்தில் இருந்துகொண்டு, தேடி வந்தவர்களுக்கு மட்டுமில்லாமல் ஊரில் உள்ள வயது வந்தவர்கள் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்க்க முனைந்தார். ஆய்வும் வைத்தியமும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தது. எனக்கு அதுதான் ஏக்கமாக இருக்கிறது. நான் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுகிறேன். அந்தப் பெண்மணிக்கு மாத்திரை இன்னும் கிடைத்தபாடில்லை.

படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்க்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறேன்: வேலையில் உடம்பு எவ்வளவு உழைக்கிறது, மருந்து வாங்கப் போனால் என்ன இழப்பு. உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது மாலை எட்டு மணி வரை உன் மருத்துவமனையைத் திறந்து வைக்க முடியுமா? மாத்திரையை ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுக்க விதி இடம் தருமா? விசாரித்து எழுது.

அடுத்த வாரம் மறுபடி அவர் வீட்டுக்குப் போகிறேன், இந்த முறை படிவம் இல்லாமல்.

அன்புடன்,
சுகந்தி