பெரியவர்களின் வலிப்பு நோய்க்கு நிபுணரின் பார்வை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் 31 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்திவரும் மருந்தாளுநர் நான். சென்ற மாதம் ஒரு மாலை, ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர் கடைக்கு வந்து லேமினேட் செய்த மருந்துச் சீட்டு ஒன்றை நீட்டினார். மடித்து மடித்துக் கிழிந்துவிடக் கூடாதென்று அவரே செய்துகொண்ட ஏற்பாடு அது. சீட்டில் இருந்த தேதி 2009ஆம் ஆண்டுக்குரியது. பெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை 100 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்று எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்த மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொன்னார். இன்னும் வலிப்பு வருகிறதா என்று கேட்டேன். "மாசத்துக்கு ரெண்டு மூணு வரும் சார், பழகிடுச்சு" என்றார். அவர் பேசியபோது ஈறுகள் தடித்து வளர்ந்து முன்பற்களைப் பாதிவரை மூடியிருந்ததைக் கண்டேன். பெனிடாயினை நெடுங்காலம் உட்கொள்பவர்கள் பலருக்கு இப்படி ஆவதுண்டு. இத்தனை ஆண்டுகளில் அந்த ஈறுகளை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

"பழகிடுச்சு" என்ற அந்தச் சொல்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. என் கடைக்கு மாதந்தோறும் வலிப்பு மாத்திரை வாங்க வருபவர்களில் பலர் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். மாத்திரை தவறாமல் கிடைப்பதையே சிகிச்சை என்று அவர்களும் அவர்கள் வீட்டாரும் நம்பிவிட்டார்கள். சரியான மருத்துவம் கிடைத்தால் கால்-கை வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை கீழே விழுகிற ஒருவர் அந்த 70 பேரில் ஒருவராக இருக்கக்கூடியவரா, எஞ்சிய 30 பேரில் ஒருவரா என்பதை யாராவது ஒரு முறையாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா?

இதைத் தீர்மானிக்க மருத்துவ உலகில் தெளிவான ஓர் அளவுகோல் உண்டு. நோயாளியின் வலிப்பு வகைக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ள வேண்டும் எனப் பன்னாட்டு கால்-கை வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. இரண்டு என்ற எண் ஊகத்தில் பிறந்ததல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம், இரண்டாவது மருந்தில் நின்றவர்கள் 13 சதவீதம். அதற்குப் பிறகு மாற்றிக் கொடுத்த மருந்துகளால் நின்றவர்கள் மிகச் சிலரே. ஆகவே இரண்டு மருந்துகள் பலிக்காத ஒருவருக்கு மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று பத்தாண்டுகள் மாத்திரை மாற்றிக்கொண்டே போவது காலத்தைக் கழிப்பதாகவே முடியும். அந்த இடத்தில் அவரை வலிப்பு நோயில் தனித் தேர்ச்சி பெற்ற நரம்பியல் நிபுணரிடம் அனுப்பியிருக்க வேண்டும். நம் ஊரில் இந்த ஒரு படியைத்தான் பெரும்பாலோர் தாண்டுவதில்லை. என் கடைக்கு வந்தவர் இரண்டாவது மருந்தைக்கூடப் பார்த்ததில்லை.

நிபுணரிடம் போனால் அங்கு என்ன புதிதாகச் செய்துவிடப் போகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். முதலில், வருவது கால்-கை வலிப்புதானா என்பதையே உறுதி செய்வார்கள். இதயத் துடிப்புக் கோளாறால் மயங்கி விழுபவர்களும், மன அழுத்தம் காரணமாக வலிப்புப் போன்ற தாக்கம் வருபவர்களும் ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டு வருவது உண்டு. மூளையின் மின் அலைகளை அரை மணி நேரம் பதிவு செய்யும் சாதாரண ஈ.ஈ.ஜி. இதற்குப் போதாது, அதில் குறை எதுவும் தெரியாததால் வலிப்பு நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. நோயாளியைச் சில நாட்கள் மருத்துவமனையில் தங்க வைத்து, மூளையின் மின் அலைகளையும் அவருடைய உடல் அசைவுகளையும் இரவு பகலாக ஒருசேரப் பதிவு செய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி. என்ற பரிசோதனையில்தான் வலிப்பு மூளையின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்பது பிடிபடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் இதே கதைதான். காதுக்கு உட்புறமாக, டெம்போரல் லோப் என்ற மூளைப் பகுதியில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பாகம் சுருங்கித் தழும்பேறிப் போயிருப்பது பெரியவர்களின் அடங்காத வலிப்புக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. பொதுவாக எடுக்கும் ஸ்கேனில் இது கண்ணில் படாமல் தப்பிவிடலாம். வலிப்புக்கென்றே வகுத்த முறையில் எடுத்து, பழகிய கண்களால் பார்த்தால் தெரியும்.

அப்படித் தெரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைக்கு வழி திறக்கிறது. இந்தப் பகுதியிலிருந்து வரும் வலிப்புக்குக் கனடாவில் அறுவை சிகிச்சையையும் மருந்துச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2001இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தவர்கள் அறுவை சிகிச்சை பெற்றோரில் 58 சதவீதம், மருந்து மட்டும் சாப்பிட்டோரில் 8 சதவீதம். மூளையில் கத்தி வைப்பதா என்று நடுங்குகிற குடும்பங்களுக்கு இந்த இரண்டு எண்களையும் யாரும் சொல்வதில்லை. இது வெளிநாட்டில் மட்டும் நடக்கிற வைத்தியமும் அன்று. திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1990களிலிருந்தே வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடந்து வருகிறது. நம் ஊரில் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிமான்ஸிலும் நடக்கிறது.

நிமான்ஸ் என்று எழுதியவுடன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அல்சூரிலிருந்து, அது இருக்கும் ஓசூர் சாலைக்குப் பேருந்தில் சென்றுவிடலாம். பிற மாநிலங்களிலிருந்து ரயிலேறி, அதிகாலையில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேர் அந்த வாசலை மிதிக்கவே மறுக்கிறார்கள். "அங்க போனா பைத்தியம்னு பேர் வந்துடும் அண்ணா" என்று என்னிடம் நேராகவே சொன்ன தாய்மார்கள் உண்டு. பழைய மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் இணைந்து 1974இல் உருவான நிறுவனம் என்பதால் அந்தப் பேச்சு ஊரில் தங்கிவிட்டது. அதன் முழுப் பெயரிலேயே நரம்பு அறிவியலும் இருக்கிறது என்பதையும், பக்கவாதத்துக்கும் மூளைக் கட்டிக்கும் வலிப்புக்கும் அங்கு தனித்தனியே நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பதையும் தமிழில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழ் அதைச் செய்தால் பெரும் உபகாரமாக இருக்கும்.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. திருமணமாகி இரண்டு மாதமே ஆன ஒரு பெண், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டார். மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாதாம். அவர் கையிலிருந்த சீட்டில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எழுதியிருந்தது. பதினான்கு வயதில் குழந்தைகள் மருத்துவர் எழுதிக் கொடுத்தது; பதினெட்டு வயதுக்குப் பிறகு அவரிடம் போவதை நிறுத்திவிட்டார்கள்; பெரியவர்களுக்கான நரம்பியல் மருத்துவரிடம் போகும்படி யாரும் சொல்லவில்லை; மாத்திரை மட்டும் தொடர்ந்தது. கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம் என்பதும், பத்தில் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியில் பாதிப்பு வரலாம் என்பதும் மருத்துவர்கள் நன்கறிந்த உண்மைகள். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. பயந்துபோய் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தரிக்கும் முன்பே நிபுணர் பார்த்து, வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றி, ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்தக் கவலைக்குப் பெரும்பாலும் இடமிருந்திருக்காது. வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் பிரிவைச் சட்டத்திலிருந்து 1999லேயே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். "சட்டத்துக்குத் தெரியும், எங்க அத்தைக்குத் தெரியாதே" என்றார். மாத்திரையின் பெயர் தெரியாத டப்பாவில் போட்டுத் தர எனக்கு மனம் ஒப்பவில்லை. அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எந்த மருந்து என்று அறிய வேண்டும் அல்லவா? அட்டையோடு கொடுத்து, அவசியம் நிபுணரைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் மறுபடி என் கடைக்கு வரவில்லை. அது இன்றும் மனதை அறுக்கிறது.

என் பக்கத்துக் குறையையும் ஒளிக்க விரும்பவில்லை. இப்படிப்பட்ட பழைய சீட்டுகளுக்கு நானும் ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுத்திருக்கிறேன். கொடுக்காமல் திருப்பி அனுப்பினால் மறுநாளே வலிப்பு வரும் என்ற அச்சம் ஒரு பக்கம். கொடுத்தால் அவர் இன்னும் ஓராண்டு மருத்துவரிடம் போகமாட்டார் என்பது மறுபக்கம். கடைக்காரன் தீர்க்கக்கூடிய சிக்கல் இல்லை இது. அடங்காத வலிப்பு கீழே விழுந்து அடிபடுவதோடு முடிவதுமில்லை. கால்-கை வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் வேறு காரணம் ஏதுமின்றித் திடீரென இறந்துபோகிறார், பெரும்பாலும் தூக்கத்தில். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். பீன்யாவில் இயந்திரத்தின் முன்னால் நிற்பவரும், சிவாஜிநகரில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்பவரும் இதைப் "பழகிவிட்டது" என்று விட்டுவிடலாகாது.

கர்நாடக அரசு 2022இல் நிமான்ஸுடன் சேர்ந்து மூளை நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அரசு மருத்துவமனைகளில் மூளை நல மருத்துவப் பிரிவுகளைத் திறந்தது மிக நல்ல தொடக்கம். அந்தப் பிரிவுகளுக்கு நோயாளிகள் வந்து சேர வழி வேண்டும். வார்டுகளில் இருக்கும் 'நம்ம கிளினிக்' என்ற அரசு மருத்துவ நிலையங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் தங்கள் பகுதியில் வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களின் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு மருத்துவர் அவர்களைப் பார்த்தாக வேண்டும். இரண்டு மருந்துகள் பலிக்கவில்லை என்றால் மூளை நலப் பிரிவுக்கும், அங்கிருந்து வலிப்பு நோய் நிபுணருக்கும் எழுத்து மூலம் பரிந்துரைப்பது கட்டாயமாக வேண்டும். தனியார் மருத்துவர்களுக்கும் இது பொருந்த வேண்டும், ஏனெனில் என் கடைக்கு வரும் சீட்டுகளில் பெரும்பகுதி அவர்கள் எழுதியவை. நோயாளியோடு பேசத் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தால் நன்று. வலிப்பு வரும் முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போன்ற உணர்வை, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு சட்டைப் பொத்தானைத் திருகுவதை, அரைகுறைக் கன்னடத்தில் ஒரு தாயால் விளக்க முடிவதில்லை. நிபுணருக்கோ அந்த விவரத்தில்தான் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. இதற்கு வீட்டாரும் உதவலாம். வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, இன்னொருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மட்டும் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

லேமினேட் சீட்டோடு வந்தவருக்குப் பத்து நாள் மாத்திரை மட்டும் கொடுத்து, மாதம் எத்தனை முறை வலிப்பு வருகிறது, ஈறு எப்படி இருக்கிறது, என்ன அளவு சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அவர் மகள் வந்தாள். நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் பதிவு செய்த புதிய சீட்டு அவள் கையில் இருந்தது. அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு