கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்

அன்புள்ள கண்ணம்மா,

"அம்மா, நான் நார்மலா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். மூன்று வாரமாகிறது. இரவில் தூங்குகிறாயா?

குணத்தில் நார்மல் என்று ஒரு ஆள் கிடையாது. கலகலப்பு, மனப்பதற்றம், ஒழுங்கு, இணக்கம், புதியதில் நாட்டம் என்று ஐந்து அளவுகோல் உண்டு. ஒவ்வொன்றிலும் நடுவில் நிற்கும் மூன்றில் ஒரு பங்கினரைச் சராசரி என்று வைத்துக்கொள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று கணக்குப் போட்டால், ஐந்திலும் நடுவில் நிற்பவர் 243 பேரில் ஒருவர்தான். உடம்பிலேயே இப்படித்தானே? 1950-இல் அமெரிக்க விமானப்படை அளந்த 4,063 விமானிகளில், முக்கியமான 10 அளவுகளிலும் சராசரிக்குள் அடங்கியவர் ஒருவர்கூட இல்லை.

நீ பேச நாளெடுப்பவள். எடுத்ததை முடிக்காமல் எழமாட்டாய், அது உன் தம்பிக்கு வராது. ஆனால் அம்மாவிடம்கூடவா நாளெடுக்க வேண்டும்?

தாமஸ், செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் குழந்தைகளைப் பின்தொடரத் தொடங்கினார்கள். 40 சதவீதம் சுலபமானவை, 10 சதவீதம் சிரமமானவை, 15 சதவீதம் மெல்லப் பழகுபவை. மீதி 35 எந்த வகையிலும் அடங்கவில்லை. குணம் தனியாகக் கோளாறு செய்வதில்லை, சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பது அதோடு பொருந்தாதபோதுதான் சிக்கல் என்றார்கள். இதைப் பாடமாக நடத்தியவள் நான். அப்படியிருந்தும் வந்தவர்கள் முன்னால் உன்னை இழுத்து நிறுத்தினேன். ஊமைக்கோட்டான் என்றேன். அத்தை சிரித்தாள், நானும் சிரித்தேன். உன் கேள்வி அன்றைக்கே முளைத்துவிட்டதோ என்னவோ. தப்பு என்னுடையது, கண்ணம்மா.

அடுத்தவரோடு ஒப்பிடாதே. போன வருஷத்து உன்னோடு ஒப்பிடு. ஒதுங்கியிருப்பது எப்போதும் உன் இயல்பு, அதற்கு மருந்து தேவையில்லை. ஆனால் முன்பு பிடித்தது இப்போது பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டு, எழுந்திருப்பதே பாரமாக, பெரும்பாலான நேரம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது குணமில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தள்ளிப்போடாதே. சாக வேண்டும் என்ற நினைப்பு தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே, நடுராத்திரியானாலும் எழுப்பு.

தூங்குகிறாயா என்று மறுபடி கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுவேன். நீ எடுக்கவில்லையென்றால் தம்பி புறப்பட்டு வருவான், கோபித்துக்கொள்ளாதே.

அம்மா