நீலகிரி கிரானைட் மலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மண்சரிவு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள், ஆனால் மூன்று இடத்தில் 'கிரானைட் மலை' என்று வருகிறது. நீலகிரியின் உடம்பு பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. கல் என்றால் கல்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நான் பல்லாவரத்துக்காரன், அந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதை எங்கள் ஊர்ப்பக்கம்தான் தொடங்குகிறது.

என் அப்பா இங்கே கல்குவாரியில் சம்மட்டி அடித்தவர். மதியம் சோறு கொண்டுபோகிற சாக்கில் நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். வெயிலும் மழையும் பட்ட பாறை வெளியே பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். அதைப் பிளந்தால் உள்ளே வேறு கல்லோ என்று தோன்றும், கருநீலத்தில் கொஞ்சம் பச்சை கலந்து, நல்லெண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு. அப்பா அதைக் கருங்கல் என்றுதான் சொல்வார், ஜல்லி வாங்க வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். அதற்குத் தனியாக ஒரு பெயர் உண்டு என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கல்கத்தாவில் ஆங்கிலேயக் கம்பெனியின் வணிகத் தலத்தை அமைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக்குப் போட்ட கல்லை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து ஆராய்ந்தார். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டு, 1893-இல் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். உலகத்தில் எங்கே இந்தக் கல் கிடைத்தாலும் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. தினமும் அந்த வழியாக மின்சார ரயிலில் போகிற லட்சக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, நீலகிரிக்கு வருகிறேன். சார்னோகைட் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், தண்ணீர்ப் பசையே அதிகம் இல்லாத இடத்தில் உருவாகிற கல். நீலகிரியில் இருப்பதற்குச் சுமார் 250 கோடி வயது. அத்தனை ஆழத்தில் இருந்தது இன்றைக்கு 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவாக நிற்கிறது என்றால், நிலம் எவ்வளவு மேலே எழும்பியிருக்க வேண்டும், மேலே மூடியிருந்தது எவ்வளவு கரைந்து போயிருக்க வேண்டும்! வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் ஓடுகிற பள்ளங்கள் சும்மா ஆறு அரித்தவை மட்டும் இல்லை, பூமியின் மேலோடு நசுங்கி நகர்ந்த பட்டைகளை ஒட்டித்தான் அவை போகின்றன. இரண்டுக்கும் நடுவே தூக்கி வைத்த பாளம்போல நீலகிரி நிற்கிறது.

இவ்வளவு கெட்டியான கல் என்றால் மலை ஏன் சரிகிறது? கட்டுரை மழையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டது. போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போர் போட்டார்கள். முதலில் செம்மண் வந்தது, அப்புறம் விரலால் நசுக்கினாலே உதிர்கிற மஞ்சள் நிற மக்கல் பாறை, அதற்கும் கீழே போனதும் சத்தம் மாறி, சாம்பல் நிற மாவாகக் கொட்டியது. நீலகிரிச் சரிவிலும் இதே அடுக்குதான், ஆனால் அங்கே மேலே கிடக்கிற மக்கலும் செம்மண்ணும் பல இடங்களில் மிகவும் தடிமனாக இருக்கும். நல்ல மழையும் ஈரமும் லட்சக்கணக்கான வருஷமாகப் பாறையை அப்படி மக்க வைத்திருக்கின்றன. அடைமழையில் தண்ணீர் மண்ணுக்குள் சுலபமாக இறங்கும், கெட்டிப் பாறையிலோ களிமண்ணிலோ வந்து முட்டி நிற்கும், மண் ஊறிக் கனத்துப் பிடி விட்டுவிடும். ரோட்டுக்காகவும் வீட்டுக்காகவும் சரிவின் அடிப்பக்கத்தை வெட்டி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் 40 பேருக்கு மேல் செத்தார்களே, அதைப் படித்தபோது மழையைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

பெயரை நான் பிடித்துக்கொண்டு பேசுவது இதனால்தான். கிரானைட் மலை என்று படிக்கிறவர் மனதில் அடி முதல் நுனி வரை ஒரே கல்லான மலைதான் நிற்கும். அங்கே இடம் வாங்கப் போகிற சென்னைக்காரர் 'பாறை மேலேதான் கட்டுகிறோம்' என்று தைரியமாகப் பணம் கொடுப்பார். அவர் கட்டப் போவது பாறை மேலா, மக்கல் மேலா என்று கேட்க அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், நீலகிரிச் சரிவு ஒன்றின் குறுக்குவெட்டுப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். மேலே செம்மண், நடுவே மக்கல், அடியில் சார்னோகைட், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அம்புக்குறியோடு. தமிழில் அப்படி ஒரு படத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லாவரம், சென்னை - 43