பாப்பாவுக்கு அந்தச் சொட்டு மருந்து

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே பாப்பா அழுகிறாள் என்று ஓடிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பால் கொடுக்கும்போதாவது நிதானமாகப் படி.

பாப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ், அந்த ஹெல்த் விசிட்டர் சொன்ன வைட்டமின் டி சொட்டு மருந்தை நீ இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். தாய்ப்பாலிலேயே எல்லாம் இருக்கும்போது பச்சைக் குழந்தைக்கு மருந்து எதற்கு என்று உன் மாமியார் கேட்டாராம். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் இந்த ஒரு சத்து மட்டும் அதில் ரொம்பக் குறைவு. குழந்தைக்கு நாளைக்கு 400 யூனிட் வேண்டும். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் சாதாரணமாக 100 யூனிட்கூடத் தேறாது. நீ எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் அது பெரிதாகக் கூடிவிடாது.

குழந்தைகள் வார்டில் நான் வேலை பார்த்தபோது ஐந்து மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். காய்ச்சல் இல்லை, ஆனால் வலிப்பு. பார்த்தால் கொழுகொழுவென்று இருந்தது. ரத்தத்தில் கால்சியம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. டாக்டர் அதன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எலும்பு முனை தடித்து, வளையல் போட்டு அதன்மேல் தோலை மூடினாற்போல் இருந்தது. விலா எலும்புகளின் முன்பக்கம் வரிசையாக முடிச்சுகள் கைக்குத் தட்டுப்பட்டன. ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு சரியாகக் கெட்டிப்படாத நோய். வைட்டமின் டி இல்லாவிட்டால், பாலில் கால்சியம் இருந்தும் குடல் அதைச் சரியாக இழுத்துக்கொள்ளாது. கால்சியத்தை நரம்பு வழியாக மெல்ல மெல்ல ஏற்றினோம். வேகமாகப் போனால் இதயத் துடிப்பு இறங்கிவிடும் என்பதால் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. தாயைப் பரிசோதித்தால் அவளுக்கும் டி குறைவு. வெயில் கொளுத்தும் தஞ்சாவூரிலேயே இந்தக் கதை. நீ இருப்பதோ ஸ்காட்லாந்தில், வெயில் குறைந்த கிளாஸ்கோவில்.

அந்த ஊருக்கும் இந்த நோய்க்கும் பழைய சம்பந்தம் உண்டு, தெரியுமா? நிலக்கரிப் புகை மூடிக்கிடந்த காலத்தில் அங்கே கால் வளைந்த குழந்தைகள் ஏராளம். 1919-ல் லண்டனில் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் போன்ற தானிய உணவையே கொடுத்து, வெளிச்சம் படாமல் வளர்த்து ரிக்கெட்ஸை வரவழைத்தார். காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் அது வராமல் தடுக்க முடிந்தது. அதே வருடம் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர் குழந்தைகளைப் புறஊதா விளக்கின் கீழ் கிடத்தியே குணப்படுத்தினார். எண்ணெயும் வெளிச்சமும் எப்படி ஒரே நோயைத் தீர்க்கும் என்று எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். தோலில் வெயில் பட்டால் உடம்பே அந்தச் சத்தைத் தயாரித்துக்கொள்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

நோய் அங்கே அதோடு ஒழிந்துவிடவில்லை. 1962-ல் கிளாஸ்கோவில் குடியேறியிருந்த பாகிஸ்தானியர்களிடம் மறுபடியும் ரிக்கெட்ஸ் இருப்பதை டன்னிகன் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் எழுதினார்கள். 1979-ல் தெற்காசியக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி-யை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபிறகு ஆஸ்பத்திரிக்கு வரும் ரிக்கெட்ஸ் நன்றாகக் குறைந்தது. நம்மைப் போன்ற நிறமுள்ள பிள்ளைகளை நினைத்துச் செய்த வேலை அது. ஹெல்த் விசிட்டர் உன்னிடம் சொல்வதை ஏதோ சம்பிரதாயம் என்று எடுத்துக்கொள்ளாதே.

நம் தோலின் கருமை, கடும் வெயிலில் நம்மைக் காப்பாற்றும் நிறமி. அதுவே அங்கே தேவையான புறஊதாக் கதிரையும் வடிகட்டிவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் அவ்வளவு தாழ்வாக இருப்பதால் வெள்ளைக்காரர்களுக்கே போதுமான டி உற்பத்தி ஆகாது. நீ அனுப்பிய வீடியோவில் பாப்பாவை ஜன்னலோரம் வெயிலில் படுக்க வைத்திருந்தாய். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. இங்கே நாம் காலை இளவெயிலில் காட்டுகிறோமே, அதிலும் அந்தக் கதிர் கொஞ்சம்தான். நண்பகலை ஒட்டித்தான் அது அதிகம், அந்த நேரத்தில் பிஞ்சுத் தோலைக் காயவைக்க முடியுமா? அதனால்தான் சொட்டு மருந்து.

அதைக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனமாக இரு. சில பாட்டிலில் 1 மில்லியில் 400 யூனிட் இருக்கும், சிலவற்றில் ஒரே ஒரு சொட்டிலேயே 400 இருக்கும். ஒரு சொட்டிலேயே 400 உள்ள மருந்தை டிராப்பர் நிறையக் கொடுத்தால் பல நாள் அளவு ஒரே வேளையில் உள்ளே போய்விடும். இது தண்ணீரில் கரைந்து சிறுநீரில் போகிற வைட்டமின் இல்லை, கொழுப்பில் தங்கிவிடும். அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். அங்கே லேபிளில் யூனிட்டுக்குப் பதிலாக மைக்ரோகிராம் என்றும் போட்டிருக்கலாம். 10 மைக்ரோகிராம் என்றால் 400 யூனிட்.

உனக்காக 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷே (பொடிப் பாக்கெட்) வாங்கி அனுப்பச் சொன்னாய். அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. குறைபாடு உறுதியானவர்களுக்கு வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு டாக்டர் எழுதுவது அது. தினமும் ஒன்று என்று நினைத்துச் சாப்பிட்டு, வாந்தியோடு வந்து அட்மிட் ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை போடு, வருடம் முழுக்க. ஸ்காட்லாந்தில் பால் கொடுக்கும் தாய்க்கும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் இது இலவசம், கேட்டு வாங்கு. உடம்பு வலி, மாடிப்படி ஏறத் தொடை சோர்வது இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்.

உன் தோழி சொல்கிறாளே, டி மாத்திரை போட்டால் கேன்சர், மாரடைப்பு எதுவும் வராது என்று, அதை நம்பி அளவைக் கூட்டாதே. அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று ஐந்து வருடம் போலக் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 2000 யூனிட் சாப்பிட்டவர்களுக்குக் கேன்சர் வருவதோ மாரடைப்பு வருவதோ குறையவில்லை. ஆனால் குறைபாடு உள்ளவர்களின் எலும்புக்கும் தசைக்கும் இதைவிட முக்கியமானது இல்லை. வளரும் குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம்.

பாட்டில் கைக்கு வந்ததும் லேபிளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எத்தனை சொட்டு என்று பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் முதல் வேளை கொடு. மாமியாரிடம் நீ வாதாட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே சம்பந்தியம்மாவிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா